ஒரு தபால்காரரின் பச்சைப் புத்தகம்

குடும்பத்தோடு காரில் நாலு நாள் வெளியூர் போவதென்றால் என்ன யோசிப்போம்? எந்த வழி, எத்தனை கிலோமீட்டர், வழியில் எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், ராத்திரி எங்கே தங்குவது... இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவே அமெரிக்காவில் முப்பது வருடம் ஒரு புத்தகம் வந்துகொண்டிருந்தது.

1930களில் ஓரளவு வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்கள் அங்கே கார் வாங்க ஆரம்பித்திருந்தன. தென் மாநிலங்களில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஒதுக்கிவைத்த இடத்தில் உட்காரும் அவமானம் சொந்தக் காரில் இல்லை. ஆனால் காரை விட்டு இறங்கித்தானே ஆகவேண்டும்? பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு, கழிவறைக்குப் போகக்கூடாது என்பார்கள். அறை காலியாக இருந்தாலும் ஹோட்டலில் இல்லை என்பார்கள். சில ஊர்களில் பொழுது சாய்ந்தபின் கறுப்பர்கள் இருக்கவே கூடாது! அதை எல்லையிலேயே பலகையில் எழுதி வைத்த ஊர்களும் உண்டு. 'சன்டவுன் டவுன்' என்று பெயர். தெற்கில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், இல்லினாய், இண்டியானா போன்ற வட மாநிலங்களிலும் ஏராளம்.

அதனால் பயணத்துக்கு மூட்டை கட்டுவதே வேறு மாதிரி. சாப்பாடு, தண்ணீர், போர்வை, கேனில் உபரி பெட்ரோல், குழந்தைகளுக்கு அவசரத்துக்கு ஒரு காலி டப்பா. (நாம் புளிச்சோறு கட்டுவது ருசிக்கு, அவர்கள் கட்டியது வேறு வழியில்லாமல்.) சிலர் டிரைவர் தொப்பி ஒன்றையும் வைத்திருப்பார்களாம். போலீஸ் நிறுத்தினால், "இது என் வெள்ளைக்கார முதலாளியின் கார்" என்று சொல்லித் தப்பிக்க! சொந்தக் காரிலேயே வேலைக்காரன் வேஷம்.

விக்டர் ஹ்யூகோ கிரீன் நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்தவர். பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் தபால்காரர் வேலை. கறுப்பினப் பயணிகளை ஏற்கும் ஹோட்டல், சாப்பாட்டுக் கடை, சலூன், மெக்கானிக் ஷெட் இவற்றின் விலாசங்களைத் திரட்டி 1936இல் சிறு புத்தகமாகப் போட்டார். முதலில் நியூயார்க் வட்டாரம் மட்டும், பிறகு நாடு முழுவதும், பின்னாளில் கனடா, மெக்சிகோ, பெர்முடா வரை. 1940இல் விலை 25 சென்ட். எஸ்ஸோ பெட்ரோல் பங்குகளிலும் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள 'டூரிஸ்ட் ஹோம்' பட்டியல். ஹோட்டலே இல்லாத ஊர்களில் தங்கள் வீட்டு அறையையே வாடகைக்கு விட்டவர்கள் இவர்கள். திருமதி இன்னார், இந்தத் தெரு, இந்த எண் என்று மட்டும் இருக்கும். பார்த்தால் ஒரு வீட்டின் உறவுக்காரர் விலாச டைரி மாதிரியே தெரிகிறது.

விடுமுறையைக் கழிக்கவும் தனி இடங்கள் உருவாயின. மிச்சிகனில் ஏரிக்கரையோரம் 1912இல் தொடங்கிய ஐடில்வைல்டு அவற்றில் பெயர்பெற்றது. புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் அங்கே நிலம் வாங்கிக் குடியேறினார். லூயி ஆம்ஸ்ட்ராங் கச்சேரி செய்திருக்கிறார்.

இந்தப் புத்தகத்துக்கே தேவையில்லாத நாள் வரும், அன்று மகிழ்ச்சியோடு நிறுத்திவிடுவோம் என்று 1948 பதிப்பின் முன்னுரை சொன்னது. எந்தப் பதிப்பாளர் இப்படி எழுதுவார்! கிரீன் அந்த நாளைப் பார்க்கவில்லை. 1960இல் இறந்துவிட்டார், மனைவி ஆல்மா தொடர்ந்து நடத்தினார். 1964 ஜூலையில் சிவில் உரிமைகள் சட்டம் வந்தது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் முதலாளி உடனே வழக்குப் போட்டார். அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1966-67 பதிப்போடு புத்தகம் நின்றது.

ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கும் போகலாம் என்று ஆனதும் ஐடில்வைல்டில் கூட்டம் குறைந்தது, பட்டியலில் இருந்த எத்தனையோ கடைகள் மூடப்பட்டன.

பழைய பதிப்புகளை நியூயார்க் பொது நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. புரட்டிப் பாருங்கள். சில ஊர்களுக்கு நேரே ஒரே ஒரு விலாசம்தான் இருக்கும்.