எண்ணெய்ப் படலமும் நீர்க்குழாயும்: வெப்பங் காக்கும் ஆடைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1774ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் ஜோர்ஜ் போர்டைஸ் என்னும் மருத்துவர், மிகையாகச் சூடேற்றப்பட்ட அறையொன்றினுள்ளே தம் நண்பர் சிலரை அழைத்துச் சென்றார். மனித உடல் எத்துணை வெப்பத்தைத் தாங்கும் என்று அறிவதே நோக்கம். சென்றவருள் ஒருவரான சாள்ஸ் பிளாக்டன் அங்கு நிகழ்ந்தவற்றைக் குறித்து வைத்து, 1775இல் றோயல் சங்கத்தின் ஏட்டிலே இரு கட்டுரைகளாக வெளியிட்டார். அறையின் வெப்பம் 260 பரனைற்றுப் பாகையை, அதாவது ஏறக்குறைய 127 சதமபாகையை எட்டிய வேளையிலும் பிளாக்டன் அதனுள் எட்டு நிமிடங்கள் வரை நின்றார். அவர் வழக்கமான உடையுடனேயே சென்றார். சப்பாத்துகளுக்கு மேலே தடித்த கம்பளிக் காலுறையும் கைகளிலே உறைகளும் அணிந்திருந்தார். அதே வெப்பத்தில் முட்டைகள் வெந்து இறுகின. இறைச்சித் துண்டும் வெந்து போயிற்று. மனிதர் உயிரோடு வெளியே வந்தனர்.

குளிர்நாட்டவர் உடையென்றாற் குளிர்காப்பு என்றே எண்ணியிருந்த காலத்தில், உடை வெப்பத்தையும் தடுக்கும் என்பதை இப்பரிசோதனை காட்டிற்று. அங்கு சென்றவருள் ஜோசப் பாங்ஸ், டானியல் சோலாண்டர் ஆகிய இருவரும் கப்டன் குக்கின் முதற் பயணத்திலே உடன் சென்றவர்கள். 1769 சனவரியில் தென்னமெரிக்காவின் தென்கோடியிலே பனியில் அகப்பட்டு, பாங்ஸின் பணியாளர் இருவர் குளிரினால் மாண்டதையும் சோலாண்டரே மயங்கிச் சாகும் நிலைக்கு வந்ததையும் கண்டவர்கள். குளிர் கொல்லும் விதத்தைக் கண்ட அவ்விருவரும் ஐந்தாண்டுகளின் பின் கொதிக்கும் அறையினுள்ளே நின்றனர்.

எனினும் இக்கட்டுரைக்கு வேண்டியது மனிதர் நின்ற செய்தியன்று. அவ்வறையில் வைக்கப்பட்ட நீர்ப்பாத்திரத்தின் செய்தியே. திறந்திருந்த தூய நீர், கொதிநிலையைக் கடந்த அச்சூட்டிலும் கொதிக்கவில்லை. ஏறக்குறைய 140 பரனைற்றுப் பாகையிலே அது நெடுநேரம் நின்றுவிட்டது. ஆவியாகிச் செல்லும் நீர், தன்னோடு வெப்பத்தையும் கொண்டு சென்றமையே காரணம். பின்னர் அந்நீரின்மேற் சிறிது எண்ணெய் விடப்பட்டது. படலம் மூடியது, ஆவியாதல் தடைப்பட்டது, நீர் கொதிக்கலாயிற்று. வியர்வையினால் உயிர் தப்பும் உடலை ஒரு படலத்தால் மூடினால் யாது நேரும் என்பதற்கு இதனினுந் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. ஆயினும் ஆடை அமைப்போர் இவ்வுண்மையைத் தம் தொழிலின் முதல் விதியாகக் கொள்வதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன.

இதற்கு ஒரு காரணமுண்டு. இடையிலே தோன்றிய பெருந்தேவை வெப்பத்தினின்று காப்பதன்று; குளிரினின்று காப்பதேயாம். முதலாம் உலகப் போரிலே மேல்மூடியில்லாத விமானங்களில் பறந்தோர் விறைத்துப் போயினர். பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவிலே பணியாற்றிய அவுஸ்திரேலியரான சிட்னி கொற்றன், 1916-17 குளிர்காலத்தில் ஒருநாள் இயந்திரப் பழுது பார்க்கையில் அணியும் அழுக்குடையோடே அவசரமாகப் பறக்க நேர்ந்தது. உடன் பறந்தோர் குளிரால் வாடியிருக்க, அவர் மட்டும் வாடவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது உடையில் ஊறியிருந்த எண்ணெயும் கொழுப்புமே காற்றை உட்புகவிடாது தடுத்தன என்பது புலனாயிற்று. இதன் வழியே அவர் அமைத்ததுதான் அவர் பெயரினாலேயே 'சிட்கொற்' என வழங்கிய உடை. உள்ளே மெல்லிய உரோமத் தோல், நடுவே காற்றுப் புகாத பட்டு, வெளியே நெருக்கமாக நெய்த துணி என மூன்று அடுக்குகள் கொண்ட இது 1917இலே பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் இதன் வழிவந்த உடைகள் அணியப்பட்டன. பிளாக்டனின் நீரைக் கொதிக்க வைத்த அதே எண்ணெய்ப் படலம் கொற்றனின் உடலைக் காத்தது. படலத்தின் தொழில் ஒன்றே. சூழல் மாறவே பயனும் மாறிற்று.

இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சு விமானங்கள் இன்னும் உயரத்திற் பறந்தன. அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 சதமபாகையையும் தாண்டும். திறந்த பக்கவாயிலருகே துப்பாக்கியோடு நின்ற அமெரிக்க வீரர்களிடையே, போரின் தொடக்கக் கட்டத்தில், பனிக்கடியாற் பாதிக்கப்பட்டோர் தொகை எதிரியாற் காயமுற்றோர் தொகையை விஞ்சிற்று. இவர்களுக்கென மின்கம்பி பின்னிய உடைகள் செய்யப்பட்டன. ஆரம்பத்தில் வழங்கப்பட்டவற்றிலே கம்பிகள் தொடர் சுற்றாக இணைக்கப்பட்டிருந்தமையால், ஓரிடத்திலே கம்பி அறுந்தால் உடை முழுவதும் குளிர்ந்து போகும். பின்னரே சமாந்தரச் சுற்று வந்தது. பாடசாலை மாணவன் அறிந்த மின்னியலை உடைக்குப் பொருத்துவதற்கும் விரல்கள் பலியாக வேண்டியிருந்தது.

இக்காலத்தில் நிகழ்ந்த வேறொன்று அளவிற் சிறிதெனினும் பயனிற் பெரிது. 1941இலே காகி, பேட்டன், பாசெற் என்னும் அறிஞர் மூவர் உடையின் வெப்பக் காவலை அளக்க 'குளோ' என்னும் அலகினை வகுத்தனர். 21 சதமபாகை வெப்பமுள்ள அறையிலே அமைதியாக அமர்ந்திருப்பவன் இதமாயிருக்க வேண்டிய காவலே ஒரு குளோ. அமர்ந்திருப்பவன் என்பதே இங்கு நோக்கத்தக்கது. ஓய்ந்திருக்கும் உடல் ஏறக்குறைய 100 உவாற்று வெப்பத்தை வெளியிடுகிறது. கடுமையாக உழைக்கும் உடலோ அதனைப்போல் நான்கு ஐந்து மடங்கு வெளியிடும். ஆகவே எந்தவோர் உடையும் தன்னளவிலே நல்லதோ தீயதோ ஆகாது; அணிந்தவன் யாது செய்கிறான் என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும். உடற்றொழிலியலார் இதனைத் தெளிந்தனர். பொறியியலார் தெளிவதற்கு ஒரு விண்வெளி வீரர் தத்தளிக்க வேண்டியதாயிற்று.

1966 யூன் 5ஆந் திகதி, ஜெமினி 9ஏ கலத்தினின்றும் யூஜீன் சேர்னன் வெளியே வந்தார். கலத்தின் பின்புறஞ் சென்று, அங்கு பொருத்தப்பட்டிருந்த உந்துபொறியை முதுகிலே மாட்டிக்கொள்வது அவர் பணி. வெற்றிடத்திலே காற்றூதிய பந்துபோல் விறைத்து நின்ற உடையினுள்ளே கையை மடக்குவதும் பெரும்பாடாயிற்று, காலூன்ற இடமுமில்லை. உடையினுள் ஓடிய ஒட்சிசனே அவரைக் குளிர்விக்க வேண்டும், அது போதவில்லை. வியர்வை பெருகிற்று, பெருகியது முகக்கண்ணாடியிற் படிந்து பார்வையை மறைத்தது. மூக்கினாலே தேய்த்துச் சிறு துளையளவு இடத்தைத் துடைத்து அதன் வழியே பார்த்தார். உந்துபொறிச் சோதனை கைவிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணி ஏழு நிமிடத்தில் அவர் கலத்துக்குத் திரும்பினார். பிளாக்டனின் மூடிய பாத்திரத்துக்கு நேர்ந்தது அன்று சேர்னனின் உடலுக்கு நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியின் பின்னரே நீராற் குளிரும் உடை கண்டுபிடிக்கப்பட்டது எனச் சிலர் எழுதுவதுண்டு. அது பிழை. பிரித்தானிய விமானப்படை மருத்துவரான ஜோன் பில்லிங்காம், சந்திரனிலே மனித உடலின் வெப்பப் பரிமாற்றம் பற்றி 1959இலேயே ஆராய்ந்து எழுதினார். பாண்பறோ நகரிலிருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில், 1960களின் தொடக்கத்திலேயே, உள்ளாடையில் மெல்லிய குழாய்களைத் தைத்து அவற்றிலே நீரை ஓடவிடும் உடை அமைக்கப்பட்டது. அப்பலோ திட்டத்தார் அதனை ஏற்றுத் தமக்கென வளர்த்தும் வந்தனர். சேர்னனின் இடர் கண்டுபிடிப்பின் தாயன்று. அதன் சாட்சி என்றே கொள்ளத்தகும்.

இவ்வுடையின் செயன்முறை சிந்தனைக்குரியது. ஒரே நிறையுள்ள காற்றினும் நீர் ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தை ஏற்கும். ஒரே கனவளவை ஒப்பிட்டால் வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்காகும். எனவே, விரலிலும் மெல்லிய குழாய்கள் ஏறத்தாழ 90 மீற்றர் நீளத்துக்கு உடலோடு ஒட்டி ஓடினாற் போதும். நீரை மிகக் குளிரச் செய்தலும் ஆகாது. தோல் மிகக் குளிர்ந்தால் அங்குள்ள குருதிக் கலன்கள் சுருங்க, வெப்பம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். இனி, அந்நீர் கொண்டு வந்த வெப்பம் எங்கே செல்வது? முதுகுப் பொதியிலே நுண்டுளைகள் கொண்ட உலோகத் தகடொன்று உண்டு. அதன்வழிக் கசியும் வேறொரு நீர் வெற்றிடத்திலே உறைந்து பனிக்கட்டியாகி, பின் நேரே ஆவியாய்ப் பதங்கமாகிப் போகிறது; வெப்பத்தையும் உடன்கொண்டு போகிறது. உடல் வியர்க்க இயலாதபடி மூடப்பட்டது. ஆகவே உடலுக்காக உடை வியர்க்கிறது.

1972 திசெம்பரிலே அப்பலோ 17இல் சந்திரனுக்குச் சென்ற அதே சேர்னன், இவ்வுடையை அணிந்து, ஹரிசன் ஷ்மிற்றுடன் மூன்று நாள், நாளொன்றுக்கு ஏழு மணிக்கு மேலாக, கற்களைத் தோண்டியும் சுமந்தும் உழைத்தார். இரண்டு மணி நேரத்திற் களைத்துத் திரும்பியவரும் இருபத்திரண்டு மணி நேரம் உழைத்தவரும் ஒருவரே.

புவியிலே இத்தகைய பொதியைச் சுமப்பார் சிலரே. 1980களில் நாசாவின் ஆதரவுடன் நடந்த ஆய்வுகள் வேறு வழியை நாடின. பரபின் மெழுகினை நுண்ணிய உறைகளில் அடைத்து இழையோடு சேர்த்தால், சூடேறுகையில் அது உருகி வெப்பத்தை ஏற்கும். குளிர்கையில் உறைந்து திருப்பித் தரும். விளம்பரங்கள் இதனை வியப்பாகப் பேசும். கணக்கோ வேறு கூறும். ஒரு கிலோகிராம் மெழுகு உருகுகையில் ஏறக்குறைய 200 கிலோயூல் வெப்பத்தை ஏற்கிறது. 300 உவாற்று வீதம் வெப்பத்தை நீக்க வேண்டிய தொழிலாளிக்கு அது பதினொரு நிமிடத்துக்கே போதும். ஒரு கிலோகிராம் வியர்வை முற்றாக ஆவியானாலோ ஏறக்குறைய 2400 கிலோயூல் நீங்கும். பன்னிரண்டு கிலோ மெழுகுக்கு ஒரு கிலோ வியர்வை ஈடு.

2014இலே கினி, சியராலியோன், லைபீரியா ஆகிய மேற்காபிரிக்க நாடுகளில் எபோலா நோய் பரவியபோது, நோயாளரைப் பராமரித்த தாதியரும் மருத்துவரும் தலைமுதற் கால்வரை நீர் புகாத உடையினால் மூடப்பட்டிருந்தனர். நோய்க்கிருமியை உள்ளே விடாத அவ்வுடை வியர்வையாவியை வெளியேயும் விடவில்லை. அந்நாட்டு வெயிலிலே அவர்கள் ஒரு வேளையில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நோயாளரருகே நிற்க முடிந்தது. பின்னர் வெளியே வந்து, ஒவ்வோர் உறுப்பாக உடையைக் களைய வேண்டும். தொற்று ஏற்படும் அபாயம் மிகுந்த வேளையும் அதுவே; களைத்துச் சோர்ந்து, கை நடுங்கும் வேளையும் அதுவே.