சாலை தயார், கார் தயாரில்லை

லண்டனுக்கு வடக்கே வாட்ஃபோர்டு பக்கமிருந்து ரக்பி அருகிலுள்ள கிரிக் வரை போட்ட எம்1 பெருஞ்சாலையை 1959 நவம்பர் 2 அன்று பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ் திறந்துவைத்தார். அதன் பெரும்பகுதியை லெயிங் நிறுவனம் 19 மாதங்களில் முடித்தது. குறுக்குச் சந்திப்பு இல்லை, சிக்னல் இல்லை, சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வேக வரம்பும் இல்லை. மணிக்கு 20 மைல் என்ற பழைய வரம்பை 1930-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியிருந்தது. 1935-இல் வந்த 30 மைல் வரம்பு குடியிருப்புப் பகுதிகளுக்கு மட்டும்தான்.

முதல் நாளே கார்கள் பறந்த விதம் மார்பிள்ஸைக் கலங்கடித்தது.

பறந்தவை பந்தய வண்டிகள் அல்ல. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வரும் கார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் அறிமுகமான மினிக்கு 848 சிசி எஞ்சின், 34 குதிரைத்திறன், 10 அங்குலச் சக்கரம். அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 115 கி.மீ. நம் அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஓடும்.

உச்ச வேகம் என்பது ஒரு வண்டி சிறிது நேரம் எட்டக்கூடிய எல்லை. மணிக்கணக்காகத் தாங்கக்கூடியது அல்ல. பழைய சாலைகளில் வளைவும் ஊரும் லாரியும் குறுக்கிட்டு, ஓட்டுபவர் கேட்காமலே எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்தன. எம்1 அந்த ஓய்வைப் பறித்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தி அரைமணி நேரம் ஓட்டினால் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும், பேரிங் தேயும், ரேடியேட்டர் கொதிக்கும். ஆவி பறக்க ஓரங்கட்டி நின்ற கார்கள் அந்தச் சாலையின் அன்றாடக் காட்சியாகிவிட்டன.

எஞ்சின் நின்றுபோனால் பயணம்தான் கெடும். டயர் வெடித்தால் உயிரே போகும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சுழலும்போது அதன் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி விரிந்து சூடாகிறது. ஒரு கட்டத்தில் பிய்ந்துவிடுகிறது. பட்டன் முழுக்கத் தேய்ந்த டயரோடு ஓடுவதையும் அன்று தெளிவாகத் தடுக்க விதி இல்லை. பிரேக்கும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. பெரும்பாலான கார்களில் இருந்த டிரம் பிரேக், அடுத்தடுத்து அழுத்தினால் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். 30 மைல் வேகத்தில் நிற்க 23 மீட்டர் போதும், 70 மைலில் 96 மீட்டர் வேண்டும் என்கிறது பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல். நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் இருந்தால்தான் அந்தக் கணக்கு. கட்டுப்பாடு இழந்த கார் நடுத்திட்டைத் தாண்டி எதிர்ச்சாலையில் பாயாமல் தடுக்க, எம்1-இல் அன்று தடுப்புவேலியும் கிடையாது.

1964 ஜூனில் ஏசி என்ற கார் நிறுவனம், லெமான் கார் பந்தயத்துக்குத் தயார்செய்த காரை அதிகாலையில் எம்1-இல் 185 மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. பத்திரிகைகள் கொதித்தன, வேக வரம்பு அதனால்தான் வந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கதை சாதாரணக் காரோட்டிகளை எளிதாகத் தப்பவிடுகிறது. காலியான சாலையில் தேர்ந்த பந்தய வீரர் ஓட்டிய வண்டி அது. அரசை அசைத்தது 1965 நவம்பர் மூடுபனியில் நடந்த தொடர் மோதல்கள். 70 மைல் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 31 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஐம்பது மீட்டர்கூடத் தெரியாத பனியில் மக்கள் அதே வேகத்தில் போனார்கள்.

1965 டிசம்பர் 22 நண்பகலில் போக்குவரத்து அமைச்சர் டாம் ஃபிரேசர் 70 மைல் வரம்பைச் சோதனையாக நான்கு மாதங்களுக்குக் கொண்டுவந்தார். மறுநாளே அமைச்சர் மாறினார். புதிதாக வந்த பார்பரா காசிலுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதைச் சொல்லியே கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. சோதனையை நீட்டித்தார், ஆய்வாளர்கள் விபத்துகள் குறைந்ததாக அறிக்கை தந்ததும் 1967-இல் வரம்பை நிரந்தரமாக்கினார். 1966-இல் மட்டும் பிரிட்டன் சாலைகளில் 7,985 பேர் இறந்திருந்தனர்.

வண்டியின் நிலையைக் கவனிக்கும் சட்டங்கள் இன்னும் மெதுவாக வந்தன. 1960-இல் தொடங்கிய கட்டாயத் தகுதிச் சோதனை முதலில் பத்து ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு மட்டுமே. அது மூன்று ஆண்டாகக் குறைய 1967 ஆயிற்று. டயர் பட்டன் குறைந்தது 1 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்ற விதி 1968-இல் வந்தது. முன்சீட்டில் இருப்போர் பெல்ட் அணிவது 1983-இல்தான் கட்டாயமானது.