அட்டவணை வடிவமைப்புக்கான ஏஐ அறிவுறுத்தல்களை மதிப்பிடுதல்

தரவுத்தளம் அமைக்கும் வேலையை ஏஐ ஏஜென்டிடம் விடுகிறவர்கள், அதற்கு முன்பே சில விதிகளை எழுதிவைக்கிறார்கள். அட்டவணைகளை எப்படிப் பிரிப்பது, எந்தப் புலத்துக்கு எந்தத் தரவு வகை, எங்கே கட்டுப்பாடு வைப்பது என்பவை அவற்றில் இருக்கும். இவையே அறிவுறுத்தல்கள். இவற்றைப் படித்துப் பார்த்துத் தலையாட்டுவது மதிப்பீடு ஆகாது. இவற்றால் பிறக்கும் அட்டவணைகள் ஓர் ஊரின் உண்மையான கணக்கைத் தாங்குகின்றனவா என்று பார்ப்பதே மதிப்பீடு.

உறவுநிலைத் தரவுத்தளத்தின் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். தகவல் தேவையின்றித் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் இயல்பாக்க விதிகளும் அவரிடமிருந்தே தொடங்கின. 1976இல் பீட்டர் சென் முன்வைத்த உருபொருள் – உறவு மாதிரி, அட்டவணை எழுதுவதற்கு முன் படம் வரைந்து யோசிக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது. ஏஜென்டை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கு இந்தப் பாடமெல்லாம் மனப்பாடம். அவற்றுக்குத் தெரியாதது உள்ளூர் வழக்கம்தான்.

பரவலாகப் பேசப்படும் சோதனைத் தொகுப்புகள் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 2018இல் உருவான ஸ்பைடரில் 200 தரவுத்தளங்களும் 10,181 கேள்விகளும் உண்டு. 2023இல் வந்த பேர்டில் 95 தரவுத்தளங்களும் 12,751 கேள்விகளும் உள்ளன. இரண்டிலும் அட்டவணைகள் ஏற்கெனவே தயாராக இருக்கும். அவற்றிலிருந்து விடையை எடுக்கும் வினவலை எழுதுவதுதான் தேர்வு. அட்டவணையையே வடிவமைக்கச் சொல்லும் அறிவுறுத்தலுக்குச் சோதனைத்தாளை நாமே தயாரிக்க வேண்டும்.

வெல்ல மண்டிக் கணக்கு

திண்டுக்கல் மாவட்டம் பழநி வட்டத்தில் உள்ள நெய்க்காரப்பட்டி, வெல்ல வணிகத்துக்குப் பெயர்பெற்ற பேரூராட்சி. இங்குள்ள மண்டி ஒன்றின் ஏலக் கணக்குக்கு அட்டவணை போடுவதாக வைத்துக்கொள்வோம். விவசாயி சிப்பங்களைக் கொண்டுவந்து இறக்குகிறார், தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள், வியாபாரி எடுக்கிறார், கமிஷனும் இறக்குக்கூலியும் கொடுத்த முன்பணமும் கழித்து மீதி விவசாயியின் கைக்குப் போகிறது.

“ஒரே தகவலை இரண்டு இடங்களில் வைக்காதே” என்பது அறிவுறுத்தல்கள் பலவற்றில் காணப்படும் வரி. இதை அப்படியே பிடித்துக்கொள்ளும் ஏஜென்ட், கமிஷன் விகிதத்தை மண்டி அட்டவணையில் மட்டும் வைத்துவிட்டு, விற்பனைப் பதிவில் அதை விட்டுவிடக்கூடும். அடுத்த தை மாதம் விகிதம் மாறும்போது, போன ஆண்டு பில்லை மறுபடி எடுத்தால் தொகை வேறாக வரும். பணம் வாங்கிக்கொண்டு போன விவசாயிக்கு அந்தப் பில் பொய்யாகிவிடுகிறது. ஏல நாளன்று இருந்த விகிதம் நகல் அன்று. அது அந்த விற்பனைக்கே உரிய தகவல். இயல்பாக்க விதியும் இதைத் தடுக்கவில்லை. எனவே, “பின்னாளில் மாறக்கூடிய விலை, விகிதம், கூலி ஆகியவற்றை நடவடிக்கை நடந்த பதிவிலேயே எழுது” என்ற வரியைச் சேர்த்தால்தான் முதல் வரி பாதுகாப்பானது. என் பார்வையில், அறிவுறுத்தல்களில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான்.

அடுத்தது பெயர். “பெயருக்கு ஒரு புலம், குடும்பப் பெயருக்கு ஒரு புலம்” என்பது நம் ஊரில் பொருந்தாது. இங்கே இருப்பது இனிஷியலும் பெயரும். ஊர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. பழநி என்றும் எழுதுகிறோம், பழனி என்றும் எழுதுகிறோம். ஊரை எழுத்தாகச் சேமித்தால் ஒரே ஊர் இரண்டாகக் கணக்கில் ஏறும். ஊர்களுக்குத் தனி அட்டவணையும் குறியீடும் வைத்து, அயல் திறவுகோலால் (foreign key) இணைக்கச் சொல்வதே சரி.

நீள வரம்பிலும் கவனம் வேண்டும். ‘நெய்க்காரப்பட்டி’ நம் கண்ணுக்கு 9 எழுத்து. யுனிகோடில் 16 குறியீடுகள், யுடிஎஃப்-8 வடிவில் 48 பைட்டுகள். ஊர்ப் பெயருக்கு 15 குறியீடுகள் என்று வரம்பு வைத்தால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இந்த ஊரையே ஏற்க மறுக்கும். கொடைக்கானலின் ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேற்றுமை தெரியாது. போஸ்ட்கிரெஸின் தனித்துவக் கட்டுப்பாட்டுக்கோ வழக்கமாக அவை இரண்டு வேறு ஊர்கள்.

சோதிக்கும் முறை

அறிவுறுத்தலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை இருக்க வேண்டும். “நல்ல வடிவமைப்பைப் பின்பற்று” என்பதற்கு எந்தச் சோதனையும் வைக்க முடியாது. “தொகைக்கு மிதவைப் புள்ளி எண் கூடாது” என்பதற்கு வைக்கலாம். இரும அடிப்படையிலான மிதவை எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை, ஏல நாள் முழுக்கக் கூட்டினால் பைசாக் கணக்கு இடிக்கலாம்.

ஏஜென்ட் எழுதிய அட்டவணையை ஓடவிட்டு, வேண்டுமென்றே தவறான பதிவுகளைப் போட்டுப் பார்ப்பது நம்பகமான வழி. எடை மைனஸில் உள்ள சிப்பம், பதிவே இல்லாத விவசாயியின் பெயரில் விற்பனை, ஒரே சிப்பம் இருமுறை ஏலம். மூன்றையும் தரவுத்தளம் தானே தடுக்க வேண்டும். அட்டவணையின் வரையறையைப் படித்து மட்டும் முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். எஸ்க்யூலைட்டில் அயல் திறவுகோல் கட்டுப்பாட்டை இணைப்புதோறும் இயக்கிவிட்டால்தான் வழக்கமாக அது வேலை செய்யும். மைஎஸ்க்யூஎல், 8.0.16 பதிப்புக்கு முன்பு வரை ‘செக்’ கட்டுப்பாட்டைப் படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டது. போஸ்ட்கிரெஸ் அயல் திறவுகோல் புலத்துக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு எஞ்சின் போடும். எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்பதை அறிவுறுத்தலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதாது. ஒரே கேள்விக்கு மொழி மாதிரி ஒவ்வொரு முறையும் வேறு அட்டவணை தரலாம். ஒரு வரியைச் சேர்த்துப் பலமுறையும், அதை நீக்கிப் பலமுறையும் ஓட்டி, தடுக்கப்பட்ட தவறுகளை எண்ண வேண்டும். வரி இல்லாமலே ஏஜென்ட் சரியாகச் செய்தால் அந்த வரியை எடுத்துவிடலாம். நீளமான அறிவுறுத்தலில் தேவையான வரிகள் கவனம் பெறாமல் போவதுண்டு. கடைசியாக, ஏலத்தில் நின்று பழகிய மண்டிக் கணக்கரிடம் அட்டவணையைக் காட்டி, போன வாரப் பில் ஒன்றை அதில் ஏற்றச் சொல்ல வேண்டும். கழிக்க வேண்டிய முன்பணத்தை எழுத இடம் தேடி அவர் கை எங்கே நிற்கிறதோ, அங்கே அறிவுறுத்தலில் ஒரு வரி குறைகிறது.