சாணிப்பாலும் உளவியல் பாடமும்



1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. ஜி. டி. போவாஸ் அதற்குத் தலைமை ஏற்றார். அதே காலத்தில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் தென்பரையில் பி. சீனிவாசராவ் விவசாயிகள் சங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு, 1944இல், மன்னார்குடியில் ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் இனி கூடாது என்று மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். பட்டணத்தில் மனதைப் படிக்கத் துறை திறந்தார்கள். இங்கே மனதை உடைக்கும் கருவிகளைக் கீழே போட வைத்தார்கள். இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துப் படித்தவர்கள் யாரும் இல்லை. சமுதாயக் கல்லூரி வகுப்பில் உளவியல் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான் நமக்கே அது உறைத்தது.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் 1901இல் ஜோலியட்டில் முளைத்த யோசனை. இந்தியாவில் 1995இல் புதுச்சேரியிலும், 1996இல் சென்னையிலும் வந்தது. பள்ளியோடு நின்றவர்களுக்குக் கைத்தொழிலும் வேலையும் தருவது நோக்கம். நல்ல நோக்கம், அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் தொழிற்பாடத்துக்கு முன்னால் ‘வாழ்க்கைத் திறன்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். சுயமதிப்பு, தன்னம்பிக்கை, உணர்ச்சிகளைக் கையாளுதல். சேரிப் பிள்ளைகளுக்கு உளவியல் முதன்முதலாக வந்து சேரும் வாசல் இதுதான். ‘உன் பலவீனங்களைப் பட்டியலிடு’ என்கிறது பயிற்சித்தாள். பிள்ளைகள் எழுதுகிறார்கள்: பயம், கூச்சம், நாலு பேர் முன்னால் பேச வராது. ஊருக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த தாத்தாவின் பேரன், கூச்சத்தைத் தன் குணம் என்று எழுதிக் கொடுக்கிறான். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் போடுகிறார்.

பாடத்தில் ஒரு புகழ்பெற்ற சோதனை வருகிறது. 1967இல் செலிக்மனும் மேயரும் பென்சில்வேனியாவில் செய்தது. தப்பவே முடியாதபடி கட்டிவைத்து மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களைப் பிறகு தாழ்ந்த தடுப்புள்ள பெட்டியில் விட்டார்கள். தாண்டினால் தப்பலாம், பெரும்பாலானவை தாண்டாமல் படுத்துக்கிடந்தன. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று பெயர் வைத்தார்கள். எங்களில் ஒருவர் இதை நடத்தியபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “நாயைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்காங்களே, கட்டிப்போட்டவனைப் பத்தி ஒண்ணுமே இல்லையா சார்?” பாடநூல் எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

அதே இருவரும் ஐம்பதாண்டு கழித்து, 2016இல், தங்கள் முடிவைத் தலைகீழாகத் திருத்திக்கொண்டார்கள். இயலாமை கற்றுக்கொண்டது அல்ல. நீண்ட துன்பத்தில் எந்த உயிரும் இயல்பாக முடங்கும். கற்க வேண்டியது, ‘நம்மால் இதை மாற்ற முடியும்’ என்பதையே. இதைப் படித்தபோது நமக்குத் தென்பரைதான் ஞாபகம் வந்தது. அடித்தால் திருப்பி அடி என்று சீனிவாசராவ் சேரிசேரியாகப் போய்ச் சொன்னார். களப்பால் குப்பு போன்றவர்கள் சேரிக்குள்ளிருந்தே தலைவர்களாக எழுந்தார்கள். நெல்கூலியை முத்திரை மரக்காலில் அள என்று கேட்டார்கள். மரக்கால் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆண்டை அளந்து போட்டதை வாங்கிக்கொண்டவன் அளவைக் கேள்வி கேட்கிறான் என்றால் அவனுக்குள் என்னவோ நடந்திருக்கிறது. அதைத் தன்னம்பிக்கைப் பயிற்சி எதுவும் நடத்தவில்லை. சங்கம் நடத்தியது. எதிர்ப்பும் ஓயவில்லை; 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி அரைப்படி நெல் என்பதோடு, நிமிர்ந்து கேட்டதற்கும் விழுந்த தண்டனை அது.

பழைய கதை என்பவர்களுக்கு இன்னொரு சோதனை. உத்தரப்பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் மேல்சாதிச் சிறுவர்கள் 321 பேருக்கும் தலித் சிறுவர்கள் 321 பேருக்கும் வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் சமம். எல்லார் முன்னிலையிலும் சாதியை வாசித்த பிறகு தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்தன. அதே பையன்கள், அதே புதிர். உதவித்தொகைப் படிவத்துக்காக “எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரு” என்று வகுப்பில் சத்தமாகச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை. சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936லேயே எழுதினார். மேல்சாதிக்காரரின் அந்த மனநிலைக்கு ஏன் ஒரு வாழ்க்கைத் திறன் பாடமும் இல்லை என்பதும் கேட்க வேண்டியதே.

எனவே பலவீனப் பட்டியல் பயிற்சியை நாங்கள் விட்டுவிட்டோம். அதற்குப் பதில் பிள்ளைகள் தங்கள் தெருவில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவர வேண்டும்: எதற்குப் பயந்தீர்கள், அந்தப் பயம் எப்போது, யாரோடு சேர்ந்தபோது போனது? 1944இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. நோட்டுப் புத்தகங்களோடு இந்த அறுவடை முடிவதற்குள் போய்வரச் சொல்லியிருக்கிறோம்.