ஜாமீன் கையெழுத்து

"சும்மா ஒரு கையெழுத்துத்தான், மாமா" என்றான் என் தங்கை பிள்ளை. அடையாற்றில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோகிறான், உத்தியோகம் புதிது. அட்வான்ஸ் போதாது, ஒரு ஜாமீன்தாரும் வேண்டும் என்றாராம் வீட்டுக்காரர். நான் கையெழுத்திடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளிகூட வைத்துக் கொண்டு வந்திருந்தான். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றதும் அவன் முகம் சுருங்கிற்று. ஜாமீன் நிற்பது உறவுக்குச் செய்யும் மரியாதை அல்லவா? அதைப் போய்ப் படிப்பார்களோ!

நம் முன்னோர் இதில் வெகு கண்டிப்பு. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் விடுவார்கள். அவற்றைப் பெற்ற இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவருக்காகப் 'புணைப்பட்ட'வர் பெயரையும் கல்லிலே வெட்டி வைத்தார்கள். புணை என்றால் தெப்பம் என்றும் பொருள். முழுகப் போகிறவன் பற்றிக்கொள்வது. தெப்பம் முழுகினால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

யாக்ஞவல்கியர் ஜாமீனை மூன்றாகப் பிரித்தார். ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்பது ஒன்று. இவன் நம்பத் தகுந்தவன் என்பது ஒன்று. இவன் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்பது மற்றொன்று. முதல் இரண்டும் சொன்னவனோடு போயிற்று. மூன்றாவதற்கு மட்டும் அவன் பிள்ளைகளும் பொறுப்பு. இந்த ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரந்தான் பிற்காலத்தில் சென்னை ராஜதானிக் கோர்ட்டுகளில் இந்துக்களுக்குப் பிரமாணம். ஆகவே தகப்பனார் சிநேகிதருக்குப் போட்ட கையெழுத்து, பிள்ளைகளின் குடும்பச் சொத்தையும் தொட்டது. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்ற அந்த விதியை, புதிதாக ஏற்படும் கடன்கள் வரையில், 2005-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத் திருத்தம் ஒழித்தது.

1872-இல் வந்த ஒப்பந்தச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு சொல்லும் ஜாமீன் மூன்றாவது ரகத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1677 முதலே ஜாமீனுக்கு எழுத்து வேண்டும். நமக்கோ வாய்ச்சொல்லே போதும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், குடித்தனக்காரன் தரவேண்டியது எவ்வளவோ, அவ்வளவும் ஜாமீன்தார் தலையில் என்கிறது 128-ஆம் பிரிவு. நாம் கொடுப்பதாக நினைப்பது நற்சாட்சி. சட்டம் வாங்கிக்கொள்வது பணப் பொறுப்பு. வம்பெல்லாம் இந்த இடத்தில்தான். ஓர் ஆறுதல்: ஜாமீன்தாரைக் கேளாமல் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்திய விவகாரங்களுக்கு அவர் பொறுப்பல்ல. இது 133-ஆம் பிரிவு.

அட்வான்ஸ் கதை தனி. 1960-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. பட்டணமோ பத்து மாதம் வாங்கிப் பழகியது. 2019-இல் அமலுக்கு வந்த புதுச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்! அந்த வால் போதாதா?

பையனின் காகிதத்தில் தொகைக்கு வரம்பு இல்லை, காலத்துக்கும் இல்லை. 'மூன்று மாத வாடகை வரை, இந்தப் பதினோரு மாதத்துக்கு மட்டும்' என்று சேர்க்கச் சொன்னேன். தியாகராய நகருக்குப் போய் மறுபடி டைப் அடித்து வந்தான், கையெழுத்திட்டேன். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் அட்வான்ஸில் ஒரு மாதம் கூட்டிவிட்டாராம்.