அங்குலத்தில் அளந்த மின்தடை

230 வோல்ட் மின்னழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் மின்தடை 46 ஓம், மின்திறன் 1,150 வாட். பள்ளிப் பிள்ளைகள் அரை நிமிடத்தில் போட்டுவிடும் கணக்கு; ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். பாடப்புத்தகம் இதை ஜார்ஜ் சைமன் ஓம் பெயரில் எழுதி, 1827 என்று ஆண்டையும் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் 1827இல் இந்தக் கணக்கை எவராலும் போட்டிருக்க முடியாது, ஓமாலும்கூட. விதி கிடைத்துவிட்டது; அதில் இட்டு நிரப்ப ஊருக்கு ஊர் செல்லுபடியாகும் எண் கிடைக்கவில்லை. அந்த எண்ணைத் தேட வைத்தது ஆய்வுக்கூடத்தின் ஆர்வத்தைக் காட்டிலும், கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டுப் பெரும் பணத்தை இழந்த ஒரு தொழிலின் நெருக்கடி என்றே நான் கருதுகிறேன்.

ஓம் செய்த சோதனையை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியரான அவர் முதலில் வோல்டா அடுக்கைக் கொண்டு முயன்றார். அதன் வீரியம் நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்ததால் தவறான சூத்திரமே கிடைத்தது. பிறகு இயற்பியலாளர் போகெண்டார்ஃபின் யோசனைப்படி, 1826இல் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்ப வேறுபாடு மாறாதவரை மின் அழுத்தமும் மாறாது. ஒரே தடிமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகள், மிகக் குட்டையானது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து, விலகிய காந்த ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அது தொங்கிய உலோக இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். ஒரு மாறிலியை, இன்னொரு மாறிலியும் கம்பியின் நீளமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் மின்னோட்டம் வந்தது. அந்த இரண்டாவது மாறிலியின் மதிப்பு 20¼. கருவியின் மற்றப் பகுதிகளெல்லாம் சேர்ந்து, அந்தக் கம்பியில் 20¼ அங்குலம் தடுக்கும் அளவுக்குத் தடுத்தன என்பது அதன் பொருள். ஆக, ஓமின் மின்தடை அங்குலத்தில் இருந்தது. அதுவும் அவர் மேசையில் கிடந்த அந்தக் கம்பியின் அங்குலத்தில்.

விதி சொல்வது விகிதத்தைத்தானே, அலகு எதுவானால் என்ன என்று கேட்கலாம். இயற்கையின் ஒழுங்கை அறிய விகிதம் போதும். அதை ஓம் ஐயமற நிறுவினார். கணக்கு வேறு. பெர்லினில் அளந்தது லண்டனில் இருப்பவருக்குப் பயன்பட வேண்டும். இயற்பியலாளர் யாக்கோபி தம் செப்புக் கம்பியின் படிகளை மற்ற அறிஞர்களுக்கு அனுப்பிப் பார்த்தார். தந்தித் துறையினர் அவரவர் நாட்டுக் கம்பியின் மைலையே அளவாகக் கொண்டார்கள். நிலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. கம்பி அறுந்தால் கம்பத்துக்குக் கம்பம் ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிடலாம். கடலுக்கடியில் யார் நடப்பது?

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் கேபிள் இணைத்தது. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேரவே 16 மணி நேரம் பிடித்தது. குறிப்பலைகள் மங்கியபோது, அறுவை மருத்துவராக இருந்து மின்துறைக்கு வந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த மின்காப்பு அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் ஊமையாயிற்று. இந்தியாவுக்குச் செய்தி கொண்டுவர வேண்டிய செங்கடல் கேபிளும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் செத்தது. பிரிட்டிஷ் அரசு விசாரணைக் குழு அமைத்தது. செம்பு என்று விற்கப்பட்டதெல்லாம் ஒரே செம்பு அல்ல, மின்கடத்தும் திறனில் பெரும் வேறுபாடு உண்டு என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1857இலேயே கண்டிருந்தார். அப்படியானால் கம்பியை வாங்கும்போதே அளந்து வாங்க வேண்டும். பழுதானாலும் அளவைக் கொண்டுதான் தேட வேண்டும். மைலுக்கு 4 ஓம் என்று தெரிந்த கேபிள், கரையில் அளக்கும்போது 1,200 ஓம் காட்டினால் பழுது 300 மைலில் இருக்கிறது. பழுதான இடமும் தன் பங்குக்குக் கொஞ்சம் தடுக்கும் என்பதால் இரு கரைகளிலிருந்தும் அளந்து ஒப்பிட வேண்டும். கப்பலை எங்கே அனுப்புவது என்பதை முடிவு செய்தது இந்த வகுத்தல்தான்.

1861இல், தாம்சனின் முயற்சியால், பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் மின்தடை அலகுக்கென ஒரு குழுவை அமைத்தது. அதில் இருந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லவா, பெருமை தொழிலுக்கு எப்படிப் போகும் என்ற கேள்வி நியாயமானது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கம்பிச் சுருளைச் சுழற்றி அலகைக் கண்டவர்களில் மேக்ஸ்வெல் உண்டு. கூடவே கேபிள் பொறியாளரான ஃப்ளீமிங் ஜென்கினும் உண்டு. தாம்சனே அட்லாண்டிக் கேபிள் கப்பலில் கடல் சென்றவர். இவர்களுக்கு முன்பே, 1860இல், 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள பாதரசத் தம்பத்தை அலகாக முன்வைத்த வெர்னர் சீமென்ஸும் செங்கடல் கேபிளைச் சோதித்தவர்தான்.

மின்திறனின் கதை சற்று வேறு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்று ஜூல் 1841இலேயே வெளியிட்டுவிட்டார்; கேபிள் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அவரும் தம்மிடமிருந்த ஒரு செப்புக் கம்பிச் சுருளையே அளவாகக் கொண்டார். 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் மூன்றையும் ஏற்றது. மறு ஆண்டே வெர்னரின் தம்பி வில்லியம் சீமென்ஸ் வாட் என்ற பெயரை முன்மொழிந்தார். டைனமோவும் மின்விளக்கும் விற்பனைக்கு வந்துவிட்ட காலம் அது. வாங்குபவருக்கு மின்திறன் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும்.

பிரிட்டிஷ் குழுவின் ஓம் சுமார் 1.3 விழுக்காடு குறைவு என்று ரேலி பிரபு பின்னர் அளந்து காட்டினார். 1893இல் சிகாகோவில் அதேபோன்ற மாநாட்டில் கூடியவர்கள் சீமென்ஸின் பாதரசத்தையே எடுத்துக்கொண்டு, அதன் நீளத்தை மட்டும் 106.3 சென்டிமீட்டராகத் திருத்தினார்கள். ஓமின் பெயரைத் தாங்கிய அலகு திரும்பவும் ஒரு நீளமாகவே எழுதப்பட்டது. ஆனால் இந்த நீளத்தை, பனிக்கட்டியும் தூய பாதரசமும் கண்ணாடிக் குழாயும் உள்ள எவரும் தம் ஊரிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.