பொழுது கிடைத்த கதை

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும் மேடம். சோழர், பல்லவர் எதுவானாலும் சரி" என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சோழரையும் பல்லவரையும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒரு தடவை அவர்களுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, அடுப்பங்கரையின் வரலாற்றையும் ஒயர் கூடையின் வரலாற்றையும் எழுதினால் என்ன என்று தோன்றியது. வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1974-ல் நான் பி.ஏ. வரலாறு சேர்ந்தபோது, விடுதி விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'புத்தகம் படித்தல், தபால்தலை சேகரித்தல்' என்று எழுதினேன். என்னிடம் இருந்த தபால்தலைகள் மொத்தம் பதினொன்று! உண்மையில் எனக்குப் பிடித்தவை கோலம் போடுவதும், அம்மாவோடு மொட்டைமாடியில் வடாம் பிழிவதும்தான். அதையெல்லாம் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுவார்களா என்ற வெட்கம்.

அன்று அம்மா ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். "உன்னோட பொழுதுபோக்கு என்னம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். குழவியை நிறுத்தாமலே சொன்னாள்: "பொழுது எங்கேடி இருக்கு, போக்கறதுக்கு?"

மூன்று வருஷம் இங்கே வரலாறு படித்தும் அந்த ஒரு வாக்கியத்துக்கு விடை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

சமையலை ரசிப்பது நம் நாட்டில் புதிதல்ல. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலின் பெயருக்கே மனமகிழ்ச்சி என்றுதான் பொருள். அதில் அரசன் அனுபவிக்க வேண்டிய இன்பங்களின் வரிசையில் உணவும் இருக்கிறது. உளுந்து மாவில் செய்யும் 'இட்டரிகா' என்ற பண்டம் அதில் வருகிறது. நம் இட்லிக்கு அது மூதாதை என்பர் உணவு வரலாறு எழுதுவோர். ருசியான சாப்பாட்டை நாம் எப்படிப் புகழ்கிறோம்? நளபாகம், பீமபாகம் என்கிறோம். நளனும் அரசன், பீமனும் அரச குமாரன். இருவருமே வேறு வேஷத்தில் மறைந்திருந்த காலத்தில் சமைத்துப் பெயர் வாங்கியவர்கள். தினமும் மூன்று வேளை சமைத்தவள் பெயரில் ஒரு பாகமும் கிடையாது!

ஆனால் சங்கப் புலவர் ஒருவர் அவளைக் கவனித்திருக்கிறார். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் போன பெண் கட்டித் தயிரைத் தன் விரலால் பிசைகிறாள். அந்தக் கையை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. தன் கையால் ஒன்றை உண்டாக்கியவளின் சந்தோஷம் இத்தனை பழசு. கடமையாகச் செய்தபோதும் அந்தச் சந்தோஷம் உள்ளே இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு பொழுதுதான் கிடைக்கவில்லை.

அந்தப் பொழுது எங்கிருந்து வந்தது? என் கணக்குப்படி 1950-களிலிருந்து, தவணை முறையில் வந்தது. கோயமுத்தூரில் 1955-ல் பி. சபாபதி என்பவர் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். 1959-ல் பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியது. 1963-ல் சுமீத் மிக்ஸி வந்தது. 1965-ல் இண்டேன் சமையல் வாயு வந்தது. எங்கள் தெருவுக்கு இவையெல்லாம் வந்து சேர இன்னும் பல வருஷம் பிடித்தது என்பது வேறு விஷயம். அரசர்களின் பட்டாபிஷேக ஆண்டுகளைப் பிள்ளைகளிடம் மனப்பாடமாகக் கேட்டவள் நான். இந்த நான்கு ஆண்டுகளை ஒருநாளும் கேட்டதில்லை. நம் வீட்டுப் பெண்களின் காலை நேரத்தை மாற்றியதில் இவற்றுக்குள்ள பங்கு எந்தப் பட்டாபிஷேகத்துக்கும் இல்லை என்றால் அது மிகையாகாது.

இயந்திரம் கையின் வேலையைக் குறைத்தது என்றால், புத்தகம் வேறொரு உதவி செய்தது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதலில் வெளிவந்தது 1951-ல். உறவினர்கள் ஓயாமல் செய்முறை கேட்டு எழுதுவதைப் பார்த்து, அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் 'புத்தகமாகவே எழுதிவிடேன்' என்று தூண்டியதாகச் சொல்வார்கள். கூட்டுக் குடும்பம் குறைந்து, கல்யாணமான பெண்கள் டெல்லிக்கும் பம்பாய்க்கும் தனிக்குடித்தனம் போன காலம் அது. பக்கத்தில் நின்று சொல்லித்தர மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. 'கண் திட்டம், கை அளவு' என்று இருந்ததை அந்தப் புத்தகம் அளவோடு அச்சில் ஏற்றித் தந்தது. ஆழாக்கு, பலம், வீசை புழங்கிய காலத்தில் பிறந்த புத்தகம், 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து கிராமும் லிட்டரும் கடைக்கு வந்த பிறகும் நிலைத்து நின்றது. இன்றும் புதுமணத் தம்பதிக்கு அதைப் பரிசளிப்பவர்கள் உண்டு.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து, 1980-ல் கிடைத்த சம்பளப் பாக்கியில் அம்மாவுக்கு ஒரு கிரைண்டர் வாங்கினேன். முதல் வாரம் அதை நம்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம், "ரெண்டு மணி நேரம் மிச்சமாயிடுத்துடி. என்ன பண்றதுன்னே தெரியலை" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக அவளுக்குக் கிடைத்த பொழுது அது.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒயர் கூடை பின்னக் கற்றுக்கொண்டாள். முதலில் சாதா முடிச்சு, பிறகு நெல்லிக்காய் முடிச்சு, கடைசியில் சிவன் கண். உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் கூடை கொடுத்தாள். எனக்குப் பின்னியது பச்சையும் வெள்ளையும். நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் சிவப்பு. "ஒயர் தீர்ந்துபோச்சாம்மா?" என்றேன். "இல்லையே, வேணும்னுதான் போட்டேன். எனக்குப் பிடிச்சிருந்தது" என்றாள். அம்மா எதையாவது 'எனக்குப் பிடிச்சிருந்தது' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவள் சமையலும் மாறியது என்பதுதான் ஆச்சரியம். அரைப்பதற்குச் செலவான தெம்பு மிச்சமானதும், புதிது புதிதாகச் செய்து பார்க்க ஆரம்பித்தாள். வாழைப்பூவில் ஒரு நாள் துவையல், சுண்டைக்காயில் ஒரு நாள் பொடி. அதே அடுப்பு, அதே கை. கட்டாயம் கொஞ்சம் விலகியதும் வேலைக்குள் ஒளிந்திருந்த கலை வெளியே வந்துவிட்டது.

அம்மா 1998-ல் காலமானாள். பரணில் அவளுடைய நீள நோட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் புள்ளிக் கோலங்கள், மறுபக்கம் சமையல் குறிப்புகள். மணத்தக்காளி வற்றல் குழம்புக்கு அவள் எழுதியிருப்பது இதுதான்: 'புளி எலுமிச்சை அளவு, வெந்தயம் கொஞ்சம், வெல்லம் போதும்கிற வரைக்கும்.' போதும் என்பது எந்த வரைக்கும்? எத்தனையோ தடவை செய்து பார்த்துவிட்டேன், அம்மாவின் குழம்பு வரவில்லை. கல்வெட்டு எங்கே எங்கே என்று தேடி மாணவர்களை ஊர் ஊராக அழைத்துப் போனவள் நான். பக்கத்து அறையில் இருந்தவளிடம் ஒரு பேனாவோடு போய் உட்காரவில்லை. இந்தக் குற்றவுணர்ச்சிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மா, பாட்டி, அத்தை யாராவது ஒருவரிடம் ஒரே ஒரு சமையலையோ கைவேலையையோ கற்றுக்கொண்டு, அளவோடு எழுதி வையுங்கள். அவர்கள் 'கொஞ்சம்' என்று சொன்னால் அந்தக் கொஞ்சத்தை ஒரு ஸ்பூனில் எடுத்து அளந்துகொள்ளுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று அவர் பெயரையும் எழுதுங்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நளனும் பீமனும் செய்த வேலைதானே! இன்னொன்று: வீட்டில் யாருக்குப் பொழுதே இல்லையோ, அவர் வேலையில் ஒன்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குள் என்ன கலை இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. அன்று பரணிலிருந்து அந்தப் பச்சைக் கூடையை இறக்கித் துடைத்தேன். ஒரு முடிச்சுகூட விடவில்லை. இன்றும் காய்கறிக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். "எங்கே வாங்கினீங்க டீச்சர்?" என்று கடைக்காரப் பெண் கேட்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வரிசையைத் தொட்டுக் காட்டி, "எங்கம்மா போட்டது" என்கிறேன்.

இந்த ஆண்டு சங்க உறுப்பினர் படிவத்திலும் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'சமையல், ஒயர் கூடை பின்னுதல்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.